கீழத்தை கட்டும் செட்

மற்றவர்கள் மாத்திரை அட்டையைக் கையால் பிய்ப்பார்கள், அவசரத்தில் பல்லால்கூடக் கடிப்பார்கள். எங்கள் கீழ் வீட்டு அக்கா மட்டும் ட்ரிம்மரால் வெட்டுவார். பனியனில் தொங்கும் நூல் பிசிறை வெட்ட ஒவ்வொரு தையல் மெஷின் பக்கத்திலும் ஒரு குட்டிக் கத்தரி கிடக்குமே, அது. விரலில் மாட்டிக்கொண்டு, அட்டையைப் பார்க்காமலே, எதிரில் நிற்பவரிடம் பேச்சையும் விடாமல், ஒவ்வொரு மாத்திரையாகச் சதுரம் சதுரமாக நறுக்கி ஒரு டப்பாவில் போடுவார். ஓரங்கள் அளவெடுத்ததுபோல நேராக இருக்கும். பெயர் அச்சடித்த ஓரத் துண்டுகள் கழன்று, கீழே வேஸ்ட் கூடையில் நூலோடும் துணிக் கிழிசலோடும் விழும்.

பிறகு ஒரு மஞ்சள், ஒரு வெள்ளை, ஒரு ரோஸ். மூன்றையும் அடுக்கிப் பனியன் துணித் துண்டு ஒன்றில் வைத்து ஒரு முடிச்சு. அதற்குப் பெயர் செட்.

அவரைப் பற்றி நியாயமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். முடியுமா என்று தெரியவில்லை. அவர் மேல் எனக்குப் பொறாமை இருந்தது. இப்போது இல்லை என்றும் சொல்ல முடியாது.

திருப்பூரில் நாங்கள் முதலில் குடியிருந்த வீட்டில் மாடி எங்களுடையது. கீழ்த்தளம் முழுக்க அக்காவின் பவர் டேபிள். பெரிய கம்பெனிகள் துணியை வெட்டி அனுப்பிவிடும். பவர் டேபிள்காரர்கள் அதைத் தைத்துக் கொடுப்பார்கள். வெட்டிய துணி பண்டல் பண்டலாக வந்து இறங்கும். முன்பக்கம் ஒரு கட்டு, பின்பக்கம் ஒரு கட்டு, கை ஒரு கட்டு. அவற்றைப் பிரித்து ஒரு முன்பக்கம், ஒரு பின்பக்கம், இரண்டு கை என்று சேர்த்து வைப்பதுதான் அக்காவின் காலை வேலை. “செட்டு சரியா இருந்தா தையல் தானா வருமுங்க” என்பார். மாத்திரையையும் அவர் அப்படித்தான் பார்த்தார். காய்ச்சலுக்கு ஒன்று, உடம்பு நோவுக்கு ஒன்று, சளிக்கு ஒன்று. வேறு வேறு நிறம், வேறு வேறு வேலை, எல்லாம் சேர்ந்தால் முழுசு.

நாங்கள் குடி வந்த அன்றே எனக்கு ஒரு செட் கிடைத்தது. வெயிலில் சாமான் ஏற்றி எனக்குத் தலை வெடித்துக்கொண்டிருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. அக்கா படியேறி வந்தார், ஒரு கையில் டீ டம்ளர், மறு கையில் துணி முடிச்சு. என் முகத்தைப் பார்த்ததும், “மண்ட நோகுதா கண்ணு? இந்தா, டீயோட போட்டுக்க. ஒண்ணும் ஆகாது” என்றார்.

நான் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன். திருப்பிப் பார்த்தேன். எதிலும் ஓர் எழுத்து இல்லை.

“இது என்ன மாத்திரைங்க்கா? பேரு என்னங்க?”

“பேரு எதுக்கு கண்ணு? பொண்ணா பாக்கப் போறோம்?”

படிக்கட்டில் நின்ற தையல்காரப் பெண்கள் சிரித்தார்கள். நான் விடாமல், வெறும் வயிற்றில் போடலாமா, எனக்கு அல்சர் மாதிரி எரிச்சல் வரும் என்று கேட்டுவைத்தேன். அக்கா திரும்பி அவர்களிடம், “இந்தப் புள்ள மாத்திரைக்கு ஜாதகம் பாக்குது” என்றார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் இருந்த வரை கீழே எனக்கு ஜாதகக்காரி என்றுதான் பெயர்.

அந்த செட்டை நான் போடவில்லை. சமையல் மேடையில் வைத்துவிட்டுத் தைலம் தேய்த்துப் படுத்தேன். தலைவலி போகவில்லை. கணவர் வந்து பார்த்துவிட்டு, “அக்கா குடுத்ததப் போட்டிருந்தா இந்நேரம் எந்திரிச்சு உக்காந்திருப்ப” என்றார். அதுவும் உண்மையாகத்தான் இருந்திருக்கும். அதுதான் எனக்கு எரிச்சல்.

நான் கணிதம் படித்தவள். தாராபுரத்தில் ஒரு பள்ளியில் கொஞ்ச காலம் பாடமும் நடத்தினேன். குழந்தை பிறந்த பிறகு எனக்குப் படிக்கக் கிடைத்ததெல்லாம் மருந்து அட்டைகளின் பின்பக்கம்தான். ஒவ்வொன்றையும் இரண்டு முறை படிப்பேன். டாக்டர் சொன்னதை மருந்துக் கடையில் மறுபடி கேட்பேன், கடைக்காரர் சொன்னதைப் போனில் தேடுவேன். அப்புறமும் தூக்கம் வராது. அக்கா எதையும் இரண்டாவது முறை யோசித்து நான் பார்த்ததில்லை. கையை நீட்டினால் நீட்டினதுதான். அந்தக் கை எனக்கு வேண்டும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

யாருக்கு வலித்தாலும் அவருக்குத் தெரிந்துவிடும். மெஷின் ஓடும் சத்தத்தை வைத்தே, இந்தப் பெண்ணுக்கு இன்றைக்கு இடுப்பு நோகிறது, மிதி பாதியில் நிற்கிறது என்பார். டெலிவரிக்குக் காதர்பேட்டைப் பக்கம் போனால் திரும்பும்போது ஏதாவது ஒரு மருந்துக் கடையில் நின்று, காய்ச்சலுக்கு, நோவுக்கு, சளிக்கு என்று கேட்டு அட்டை அட்டையாக வாங்கி வருவார். எந்தக் கடை, எந்தக் கம்பெனி மாத்திரை என்ற கணக்கெல்லாம் கிடையாது. கடைக்காரர்களும் கேட்கமாட்டார்கள்.

ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குப் பல்வலி வந்து கன்னம் வீங்கிக் கிடந்தபோது, அக்கா அவள் தலையைத் தன் இடுப்போடு சாய்த்து வைத்துக்கொண்டு, “குச் நை ஹோத்தா பேட்டி, குச் நை ஹோத்தா” என்று தனக்குத் தெரிந்த இந்தியில் சொல்லிக்கொண்டே நின்றார். ஒண்ணும் ஆகாது என்பதைத்தான் அப்படிச் சொன்னார். அந்தப் பெண் மாத்திரை போடுவதற்கு முன்பே அழுகையை நிறுத்திவிட்டாள். நான் மாடிப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பல் டாக்டரிடம் போகச் சொல்ல வேண்டும் என்று வாய் வரை வந்தது. யார் என்னைக் கேட்டார்கள் என்று பேசாமல் ஏறி வந்துவிட்டேன். பிறகு மனசு கேட்காமல் இறங்கிப் போய்ச் சொன்னேன். “இந்தப் புள்ள சொல்றது சரிதான்” என்று அக்கா அடுத்த நாளே அவளைக் கூட்டிப்போனார். பல்லைப் பிடுங்கி வந்த பெண், அக்காவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

என் மகளுக்கு அப்போது மூன்று வயது. கீழே இருக்கிற அத்தை என்பதைச் சுருக்கிக் கீழத்தை என்று அவளே பெயர் வைத்தாள். ஓவர்லாக் மெஷின் அத்தனை சத்தம் போடும்போதும், அந்த அறையில் துணிக் குவியலின் மேல் அவள் தூங்குவாள். மாடியில் நான் மின்விசிறியைக்கூட மெதுவாக வைத்துத் தட்டிக் கொடுத்தாலும் தூங்கமாட்டாள்.

ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல். சிரப்பை ஊற்றிக்கொண்டு நான் கெஞ்சுகிறேன், அவள் துப்புகிறாள். எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு துப்பினாள், மறுபடி கொடுத்தால் அதிகமாகுமா என்று நான் நின்ற நிலையில் கணக்குப் போடுகிறேன். சத்தம் கேட்டு அக்கா வந்தார். என் கையிலிருந்த அளவு மூடியை வாங்கினார். “ஏஞ்சாமி, அத்தையப் பாரு. ஒண்ணும் ஆகாது” என்றார். வாயைத் திறந்தாள், விழுங்கினாள், அவ்வளவுதான்.

போகிற போக்கில் அக்கா, வெள்ளை மாத்திரையில் பாதியைத் தேனில் குழைத்துக் கொடுத்தால் சீக்கிரம் விடும் என்றார். பெரியவர்கள் மாத்திரையைப் பாதியாக்கினால் குழந்தை மாத்திரை ஆகிவிடாது, எடைக்கு ஏற்றபடிதான் கொடுக்க வேண்டும், சிரப் வேறு இப்போதுதான் கொடுத்திருக்கிறது என்று நான் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “நீ சொன்னா சரி கண்ணு” என்று இறங்கிவிட்டார். அவர் சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

என் கணவர் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை பார்க்கிறார். சொந்த ஊர் சேவூர். அக்காவும் அந்தப் பக்கத்துக்காரர் என்பதால் பேச்சு சட்டென்று ஒட்டிக்கொண்டது. மாலையில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்கும். அதன்பிறகு அவர் மாடி ஏற நேரமாகும். கீழே நின்று அன்றைய கம்பெனிக் கதை, முதுகு வலி, மேனேஜர் திட்டியது எல்லாம் சொல்லி முடித்துவிட்டு மேலே வருவார். என்னிடம் சொல்ல மிச்சம் எதுவும் இருக்காது. “என்ன இன்னைக்கு?” என்றால், “ஒண்ணுமில்ல” என்பார். தப்பாக எதுவும் இல்லை. அக்காவுக்கு அவர் தம்பி மாதிரிதான். ஆனால் ஒரு மனிதர் தன் வலியை முதலில் எந்த வாசலில் இறக்கி வைக்கிறார் என்பது மனைவிக்குச் சின்ன விஷயம் இல்லை.

ஷிப்மெண்ட் நெருக்கிய ஒரு வாரத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. நான் விடாமல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் காய்ச்சல் மாத்திரை எழுதிக் கொடுத்து, ஓய்வெடுக்கச் சொன்னார். ஓய்வு எங்கே. காலையில் நான் கொடுக்கும் மாத்திரையை என் கண் முன்னால் போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போய்விடுவார். சோறு இறங்கவில்லை. இரண்டு வாய் சாப்பிட்டுத் தட்டைத் தள்ளினார். ஆனாலும் நடமாடிக்கொண்டிருந்தார். என் மாத்திரை வேலை செய்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், பெருமைகூடப் பட்டேன். இந்த முறை அவர் கீழே கை நீட்டவில்லை, நான் கொடுத்ததிலேயே நிற்கிறார் என்று.

காய்ச்சல் குறைந்தது. வாந்தி ஆரம்பித்தது. வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்று குனிந்து உட்கார்ந்தார். ஒரு காலை வேளையில் பல் தேய்க்க எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். ரத்தம் எடுத்தார்கள். கல்லீரல் கெட்டிருப்பதாக ரிப்போர்ட் வந்தது. அங்கிருந்த டாக்டர் இளம் பெண். காய்ச்சலாலேயே கல்லீரல் இப்படி ஆவதுண்டு, ஊரில் டெங்கு வேறு இருக்கிறது, அல்லது மாத்திரை அதிகமாகி இருக்கலாம், எதுவென்று தெரிந்தால்தான் அதற்கான மருந்தை ஏற்ற முடியும், தாமதிக்கவும் கூடாது என்றார். என்னென்ன மாத்திரை போட்டார் என்று கேட்டார்.

நான் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினேன். எத்தனை வேளை, எந்த நேரம் எல்லாம் ஒப்பித்தேன். அளவு சரியாகத்தான் இருக்கிறது என்றார். “இது மட்டும்தானா?” என்று கணவரைப் பார்த்துக் கேட்டார்.

அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். “கீழ் ஊட்டு அக்கா செட்டு குடுத்துச்சுங்க மேடம். மூணு வேளையும் போட்டேன்.”

“எத்தனை நாளா?”

“காச்சல் வந்ததுல இருந்துங்க.”

அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது பயம் என்று எழுத ஆசைதான். வந்தது அது இல்லை. என் கையால் வாங்கிப் போட்டுக்கொண்டு, படியிறங்கிப் போய் அக்கா கையாலும் வாங்கியிருக்கிறார் என்பதுதான் நெஞ்சில் குத்தியது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டே பதில் சொன்னார். “உங்கிட்டச் சொன்னா படிச்சுப் படிச்சுப் பயப்படுவ. அக்கா குடுத்தாப் போட்டுட்டு வேலையப் பாக்கலாம்.”

பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. மொத்தமாக வந்தது.

வராந்தாவுக்கு வந்து அக்காவுக்குப் போன் செய்தேன். பின்னால் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. நடந்ததைச் சொல்லி, அந்த செட்டில் இருந்த மாத்திரைகளின் பெயர் வேண்டும் என்றேன். மஞ்சள் ஒன்று, வெள்ளை ஒன்று, ரோஸ் ஒன்று என்றார். பெயர் என்றேன். வாங்கிய கடை எது என்றேன். ஒவ்வொரு அட்டையும் ஒவ்வொரு கடையில் வாங்கியது என்றார். டப்பாவைத் திறந்து பார்க்கச் சொன்னேன். திறந்தார் போலிருக்கிறது. சதுரம் சதுரமாக, பெயரில்லாமல்தான் இருந்திருக்கும். பிறகு போனைத் தள்ளி வைத்து யாரிடமோ, “மெயின ஆஃப் பண்ணு” என்று சொல்வது கேட்டது.

மெஷின் சத்தம் அடங்கியது. அந்த வீட்டில் பகல் நேரத்தில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை. அன்று அவர்களுக்கு டெலிவரி நாள்.

பிறகு நடந்ததை அங்கே தைத்துக்கொண்டிருந்த பேச்சியம்மா எனக்குச் சொன்னாள். தெற்கத்திக்காரி. “வேஸ்ட்டு மூட்டை ரெண்டும் கட்டி வாசல்ல கெடந்துது, எடைக்குப் போட. அக்கா அத இழுத்துட்டு வந்து நடு ஊட்டுல கொட்டிட்டாவ. எங்களையும் உக்காரச் சொன்னாவ. ஒரு வாரத்து நூலு, துணி. அதுக்குள்ள மினுக்கு மினுக்குன்னு தெரியுத அட்டை ஓரத்தப் பூராம் பொறுக்கணும்னுட்டாவ. பிசிறு மூக்குல ஏறி இருமுதாவ, கைய எடுக்கவே இல்ல.”

நான் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினார். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு. புடவை முழுக்கக் கலர் கலராக நூல். கையில் ஒரு துணி முடிச்சு, செட் கட்டுகிற அதே மாதிரித் துணி. அவரைப் பார்த்தால் என்ன கேட்க வேண்டும் என்று நான் வார்த்தைகளைத் தயாராக வைத்திருந்தேன். அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. நேராக டாக்டர் அறைக்குப் போய், மேஜையில் முடிச்சைப் பிரித்தார்.

வெள்ளித் தாள் துண்டுகள். ஒன்றில் பெயரின் முன்பாதி, இன்னொன்றில் பின்பாதி, சிலவற்றில் மருந்தின் பெயர் பொடி எழுத்தில். அக்காவுக்கு அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த வெட்டு எந்த வெட்டோடு சேரும் என்று தெரிந்தது. டப்பாவில் மிச்சமிருந்த சதுரங்களை நடுவில் வைத்து, ஓரங்களைச் சுற்றிப் பொருத்தினார். தைக்கப் போகிற துணியை மேஜையில் அடுக்குவதுபோலத்தான் அடுக்கினார். மூன்று அட்டைகள் துண்டு துண்டாக உருவாகி வந்தன. எனக்குப் படிக்கத் தெரியும். குனிந்து படித்தேன். டாக்டரும் படித்தார்.

காய்ச்சல் மாத்திரையில் பாராசிட்டமால். உடம்பு வலி மாத்திரையில் இன்னொரு வலி மருந்தோடு சேர்த்துப் பாராசிட்டமால். சளி மாத்திரையிலும், மூக்கடைப்புக்கான மருந்துகளுக்கு நடுவே, பாராசிட்டமால்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். “நிறந்தாம்மா வேற, பேர்தான் வேற. உள்ள இருக்கறது மூணுலயும் அதே மருந்து. முதல்ல பாத்த டாக்டர் எழுதிக் குடுத்ததுலயும் அதேதான். தனித்தனியாப் போட்டா ஒண்ணும் தப்பில்லை. சேத்துப் போட்டா அளவு மேல மேல ஏறிக்கிட்டே போகும். இவர் சரியாச் சாப்பிடவும் இல்லை. கல்லீரல் தாங்காது.”

அக்கா மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூணும் வேற வேற பீஸுன்னு நெனச்சேனுங்க மேடம்” என்றார். கொஞ்சம் கழித்து, தனக்குத்தானே சொல்வதுபோல, “முன்பக்கத்தையே மூணு வெச்சுத் தெச்சிருக்கறேன்” என்றார்.

நான் தயாராக வைத்திருந்த வார்த்தை எதுவும் அதற்குப் பிறகு வாயில் வரவில்லை. அதற்கும் எனக்குக் கோபம்தான்.

உடனே மருந்தை டிரிப்பில் ஏற்றினார்கள். எது என்று தெரிந்ததால் சீக்கிரம் ஏற்ற முடிந்தது, நல்லவேளை என்றார் டாக்டர். அடுத்தடுத்த பரிசோதனைகளில் எண்கள் இறங்கின. எழுந்து உட்கார்ந்ததும் என் கணவர் செய்த முதல் வேலை, கால்மாட்டில் நின்று அழுத அக்காவைத் தேற்றியது. நீங்க என்ன பண்ணுவீங்கக்கா, நல்லது நெனச்சுத்தான குடுத்தீங்க என்றார். நர்சுகள் அக்காவுக்கு நாற்காலி போட்டார்கள். ஒரு வாரத் துணிக் குப்பையைக் கிளறிக் கண்டுபிடித்துக் கொண்டுவந்த கதை வார்டு முழுக்கப் பரவியிருந்தது. சரியான மாத்திரையைச் சரியான நேரத்தில் கொடுத்த மனைவியைப் பற்றி யாரும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது, நான் உட்கார்ந்துதானே இருந்தேன். மூட்டையைக் கொட்டித் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருக்காது. என்னால் என்ன முடியும் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருந்திருப்பேன்.

அதற்குப் பிறகு அக்கா செட் கட்டவில்லை. டப்பாவில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டு அதில் ஊசி போட்டு வைத்தார். அட்டையை யாராவது நறுக்கினால், “பேரு இருக்கற பக்கத்த வெட்டாத” என்று அதட்டினார். யாருக்காவது வலி என்றால், “மேல போய் ஜாதகம் பாத்துட்டு வா” என்று என்னிடம் அனுப்பினார். இந்த முறை அது கிண்டல் இல்லை. பெண்கள் டீ நேரத்தில் ஒவ்வொருத்தியாக மாடி ஏறி வந்தார்கள். நான் அட்டையைப் படித்துச் சொன்னேன். இதிலும் அதிலும் ஒரே மருந்து, ஒன்றுதான் போட வேண்டும். இது வயிற்றைப் புண்ணாக்கும், சாப்பிடாமல் போடாதே. கடைசியாக எப்போது போட்டாய், வேறு ஏதாவது சாப்பிடுகிறாயா, கர்ப்பமாக இருக்கிறாயா. ரெண்டு மூணு நாளில் குறையாவிட்டால் டாக்டரிடம் போ. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள். எனக்கு வகுப்பெடுத்த நாட்கள் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

ஒருநாள் குழந்தையைக் கூப்பிடக் கீழே இறங்கியபோதுதான் பார்த்தேன். என்னிடம் கேட்டுவிட்டுப் போன பெண் அக்கா முன்னால் நின்றுகொண்டிருந்தாள். “மேல அந்த அக்கா இப்படிச் சொல்றாங்க, போட்டுக்கட்டுங்களா?” அக்கா, “அது சொன்னாச் சரிதான், போட்டுக்க” என்று தலையசைத்த பிறகுதான் மாத்திரை அவள் வாய்க்குள் போனது. எல்லோரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

அக்காவுக்கே தோள்வலி பல வருடமாக உண்டு. தினமும் நோவுக்கான மஞ்சள் மாத்திரை ஒன்று காலை டீயோடு போட்டுத்தான் வேலையைத் தொடங்கியிருக்கிறார். அந்த டாக்டர் சொல்லி ரத்தம் பார்த்ததில், சிறுநீரகம் கொஞ்சம் சோர்ந்திருப்பதாகச் சொல்லி வலி மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு அயர்ன் மேஜையில் துணி வேஸ்ட்டைச் சூடாக்கி, உருண்டையாகக் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு உட்காருவார். நோகுதுங்களா அக்கா என்று ஒருமுறை கேட்டேன்.

“நோகுது கண்ணு. இத்தன நாளும் இது நோகுமுன்னே எனக்குத் தெரியல பாரு.”

சூட்டு உருண்டையை நான் வாங்கி வைத்துவிடட்டுமா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் என் மகள் வந்து அதைப் பிடித்துக்கொண்டாள்.

கம்பெனி மாறியதால் நாங்கள் அந்த வீட்டைவிட்டு வந்தோம். சாமான் ஏற்றிய வண்டியின் பின்னால் அக்கா தெருமுனை வரை நடந்து வந்தார். மகள் அழுத அழுகையைச் சொல்லி முடியாது. அவளை மடியில் வைத்துக்கொண்டு நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். இனி இவளுக்கு நான் மட்டும்தான்.

இப்போது அவள் இரண்டாம் வகுப்பு. சில வாரங்களுக்கு முன்னால் பள்ளியிலிருந்து வரும்போதே உடம்பு சுட்டது. காய்ச்சல் பார்த்தேன். எடை பார்த்தேன். சளிக்கு ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த மருந்தை எடுத்துப் படித்துவிட்டு, அதிலும் அதே பாராசிட்டமால் இருந்ததால் ஓரமாக வைத்தேன். சிரப்பை டாக்டர் சொன்ன அளவுக்கு ஊற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் கோட்டைச் சரிபார்த்துக் கொடுத்தேன். சமத்தாகக் குடித்தாள். நெற்றியைத் தடவி, “ஒண்ணும் ஆகாது கண்ணு” என்றேன்.

“அப்படி இல்ல. கீழத்தை மாதிரி சொல்லும்மா.”

மறுபடி சொன்னேன். அவள் தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அக்காவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அவள் பக்கத்தில் வைத்தேன். பழைய மெஷின் சத்தம் அறை முழுக்க வந்தது. விஷயத்தைக் கேட்டதும் அக்கா குழந்தையிடம் பேசவில்லை, என்னைக் கூப்பிட்டார்.

“ஏன் கண்ணு, என்ன மருந்து குடுத்த? எப்பக் குடுத்த? புள்ள இப்ப எத்தன கிலோ இருக்கறா? சளி மருந்து ஏதும் சேத்துக் குடுத்துட்டியா? பாட்டில எடுத்து எனக்குப் படிச்சுக் காட்டு, கேக்கறேன்.”

நான் பாட்டிலை எடுத்து, பெயரையும் அளவையும் முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அப்புறம் குரலை மாற்றி, “ஏஞ்சாமி, அம்மா சரியாத்தான் குடுத்திருக்கறா. ஒண்ணும் ஆகாது. கண்ண மூடிக்க” என்றார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். போனை அணைத்தேன். தூங்கிவிட்டாள் என்று நினைத்தபோது, பாதித் தூக்கத்தில் சொன்னாள்.

“அத்தை எவ்ளோ கேட்டாங்க பாத்தியா. நீ ஒண்ணுமே கேக்கல.”

நான் சிரப்பின் மூடியை இறுக்கித் திருகினேன். அலமாரியின் மேல்தட்டில், அவளுக்கு எட்டாத இடத்தில், பெயர் தெரிகிற பக்கம் முன்னால் இருக்கும்படி வைத்தேன்.